இரண்டு மீட்டர் டிஎன்ஏ, ஆறு மைக்ரோமீட்டர் உட்கரு: சிக்கல் இடத்தில் இல்லை

கேள்வி இதுதான்: மனித செல் ஒன்றில் ஏறத்தாழ 2 மீட்டர் டிஎன்ஏ இருக்கிறது; அதை வைத்திருக்கும் உட்கருவின் விட்டமோ 6 மைக்ரோமீட்டர் அளவுதான். எப்படி அடங்குகிறது? அவ்வளவு நெருக்கி அடைத்துவிட்டால், புரதங்கள் தமக்கு வேண்டிய இடத்தைத் தேடிப்பிடித்துப் படிப்பது எப்படி?

முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். இரண்டு தொகுதி குரோமோசோம்களையும் சேர்த்தால் சுமார் 640 கோடி கார இணைகள் (ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் காரங்கள், ஏ-டி, ஜி-சி என்று இணைந்த ஏணிப்படிகள்). ஓர் இணைக்கு 0.34 நானோமீட்டர் என்றால் நீளம் 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் தடிமன் 2 நானோமீட்டர்தான். இந்த உருளையின் கனஅளவு சுமார் 7 கன மைக்ரோமீட்டர். 6 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கோளத்தின் கனஅளவு 113 கன மைக்ரோமீட்டர். ஆக, டிஎன்ஏ உட்கருவில் பிடிக்கும் இடம் சுமார் ஆறு சதவீதம்தான். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களைச் சேர்த்துக்கொண்டாலும் பதினைந்து சதவீதத்தை ஒட்டித்தான் வரும். "இரண்டு மீட்டரை எப்படித் திணித்தார்கள்!" என்ற வியப்பு நீளத்தை மட்டும் பார்ப்பதால் வருவது. எல்லாவற்றையும் பத்தாயிரம் மடங்கு பெருக்கினால் உட்கரு 6 சென்டிமீட்டர் பந்து, டிஎன்ஏ 20 கிலோமீட்டர் நூல். அந்த நூலின் தடிமன் 0.02 மில்லிமீட்டர். பந்துக்குள் தாராளமாக இடம் இருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டிஎன்ஏ விறைப்பானது: 50 நானோமீட்டர், அதாவது சுமார் 150 கார இணைகள் நீளம் வரை அது நேராக நிற்கவே விரும்பும். இப்படிப்பட்ட இழையைக் கரைசலில் அதன் போக்கில் விட்டால் தளர்ந்த சுருளாக விரியும். 8.5 சென்டிமீட்டர் நீளமுள்ள முதலாம் குரோமோசோமை இப்படி விட்டால், இரு முனைகளுக்கும் இடையே சராசரியாக 90 மைக்ரோமீட்டர் இடைவெளி வரும். உட்கருவைவிடப் பதினைந்து மடங்கு! இது ஒரே ஒரு குரோமோசோமின் கதை. இன்னும் 45 இருக்கின்றன. இதற்கு மேல், டிஎன்ஏவின் முதுகெலும்பிலுள்ள ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஓர் எதிர் மின்சுமை. அருகருகே வரும் இழைகள் ஒன்றையொன்று தள்ளும். செல் பிரியும்போது 46 இழைகளும் சிக்கில்லாமல் விலகியாக வேண்டும். அதாவது வளைக்க வேண்டும், மின்சுமையைத் தணிக்க வேண்டும், சிக்கு விழாமல் பார்க்க வேண்டும், இத்தனைக்கும் நடுவே படிக்கவும் விட வேண்டும்.

வளைக்கும் வேலை ஹிஸ்டோன்களுடையது. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கிலும் இரண்டிரண்டு சேர்ந்து எட்டுப் புரதங்களின் வட்டுப் போன்ற மையம் உருவாகிறது. அதைச் சுற்றி 147 கார இணைகள் இடப்பக்கச் சுருளாக 1.65 சுற்று சுற்றிக்கொள்கின்றன. இதுவே நியூக்ளியோசோம், விட்டம் 11 நானோமீட்டர், உயரம் 5.5. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 முதல் 80 இணைகள் வரை இணைப்புத் துண்டு. சராசரியாக 200 இணைகளுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு செல்லில் மூன்று கோடி நியூக்ளியோசோம்கள். ஹிஸ்டோன்களை ஆல்பிரெக்ட் கோசல் 1884-லேயே பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அவை டிஎன்ஏவின் மேல் ஒழுங்கற்ற பூச்சாக அல்ல, எண்ணிச் சேர்க்கக்கூடிய அலகுகளாக அமைகின்றன என்பது 1974-ல் ரோஜர் கோர்ன்பெர்க் முன்வைத்த மாதிரியில்தான் தெளிவானது. அணுமட்டத்திலான படிக அமைப்பு 1997-ல் வந்தது.

அந்தப் படிக அமைப்பைப் பார்த்தால் வளைப்புக்கான செலவு எங்கிருந்து வருகிறது என்பது புரியும். வெப்பநிலை மூலக்கூறுகளை உலுக்கும் ஆற்றலை ஓர் அலகாகக் கொள்வோம். 147 இணைகளை 4.2 நானோமீட்டர் ஆரத்துக்கு வளைக்கச் சுமார் 70 அலகுகள் செலவு. தானாக நடக்க வாய்ப்பே இல்லாத அளவு இது. வரவு 14 இடங்களிலிருந்து வருகிறது: டிஎன்ஏவின் சிறு பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் ஹிஸ்டோனை நோக்கித் திரும்பும்போது, ஆர்ஜினைன் என்ற நேர்மின்சுமையுள்ள அமினோ அமிலம் ஒன்று அந்தப் பள்ளத்துக்குள் நுழைகிறது, முதுகெலும்பின் பாஸ்பேட்டுகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டாகின்றன. செலவு போக ஒரு தொடுபுள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு அலகுகள் மட்டுமே. இந்தச் சொற்ப மிச்சத்தைத்தான் கவனிக்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் நியூக்ளியோசோம் உறுதியானது. ஆனால் ஓரத்திலுள்ள ஒரு தொடுபுள்ளி கழன்றுகொள்ள அதிகம் செலவில்லை. பின்னால் வரும் "எப்படிப் படிக்கிறார்கள்" என்ற பாதிக் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது.

ஹிஸ்டோன்கள் வரிசையைப் படிப்பதில்லை. பெரும்பாலான தொடர்புகள் முதுகெலும்போடுதான். ஆனாலும் சில வரிசைகள் எளிதாக வளையும். சிறு பள்ளம் உள்நோக்கும் இடங்களில் ஏஏ, டிடி போன்ற இரட்டைகளும், வெளிநோக்கும் இடங்களில் ஜிசி-யும் பத்து இணைகளுக்கு ஒருமுறை மாறிமாறி வந்தால் நியூக்ளியோசோம் விரும்பி அமரும். மாறாக, தொடர்ச்சியாக ஏ மட்டுமே நீளும் பகுதி விறைத்து நிற்கும். ஈஸ்ட்டின் பல மரபணுக்களின் தொடக்கத்தில் நியூக்ளியோசோம் இல்லாத வெற்றிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சுமைக் கணக்கில் ஒரு பொதுவான பிழை உண்டு. ஹிஸ்டோன்களின் நேர்மின்சுமை டிஎன்ஏவின் எதிர்மின்சுமையை "சமன்செய்துவிடுகிறது" என்று எழுதுவார்கள். 147 இணைகளில் 290-க்கும் மேற்பட்ட பாஸ்பேட்டுகள் உள்ளன. ஹிஸ்டோன் மையத்தின் நிகர மின்சுமை அதில் ஏறத்தாழ பாதியைத்தான் ஈடுகட்டும். ஆகவே நியூக்ளியோசோம் இன்னமும் எதிர்மின்சுமை கொண்டதே. மீதியைத் தணிப்பவை மெக்னீசியம் அயனிகள், பாலிஅமீன்கள், இணைப்புத் துண்டின் வாயிலில் வந்து அமரும் எச்1 ஹிஸ்டோன். ஆய்வகத்தில் மெக்னீசியத்தைச் சில மில்லிமோலார் கூட்டினாலே நியூக்ளியோசோம் சங்கிலி சுருங்கி மடிவதும், மேலும் கூட்டினால் படிந்துவிடுவதும் இதனால்தான்.

இதற்கு அடுத்த கட்டமாகப் பாடநூல்கள் காட்டும் 30 நானோமீட்டர் இழையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்: பெரும்பாலான செல்களில் அது காணப்படவில்லை. 1976-ல் ஃபின்ச், குளுக் இருவரும் முன்வைத்த சுருள்கம்பி மாதிரி, பிரித்தெடுத்த குரோமாட்டினை (டிஎன்ஏவும் அதன் புரதங்களும் சேர்ந்த பொருள்) குறைந்த உப்பில் பார்த்ததால் வந்தது. செல்லை உறையவைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும் முறைகள் வந்தபின், 2008-ல் பிரியும் செல்லின் குரோமோசோம்களிலும் இந்த இழை தென்படவில்லை. 2017-ல் வெளியான முப்பரிமாணப் படங்களில் தெரிந்தது 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே இருக்கும் ஒழுங்கற்ற சங்கிலிகள். இடத்துக்கு இடம் நெருக்கம் மட்டும் வேறு. "மணிமாலை, பிறகு சுருள், பிறகு சுருளுக்குள் சுருள்" என்ற அடுக்கடுக்கான படத்தை மனதிலிருந்து அழித்துவிடுவது நல்லது.

அடுக்குக்குப் பதிலாக இருப்பவை வளையங்கள். கோஹீசின் என்ற வளைய வடிவப் புரதக்கூட்டம் டிஎன்ஏவைப் பிடித்து, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, இரு பக்கமிருந்தும் இழையை உள்ளே இழுத்து வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். வேகம் நொடிக்கு ஆயிரம் இணைகள் என்ற அளவில் அளக்கப்பட்டிருக்கிறது. இழுப்பு எங்கே நிற்கும்? சிடிசிஎஃப் என்ற புரதம் அமர்ந்திருக்கும் இடத்தில். அதிலும் ஒரு நிபந்தனை: இரு முனைகளிலும் உள்ள சிடிசிஎஃப் வரிசைகள் ஒன்றையொன்று நோக்கியபடி இருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பி எழுதினால் வளையம் இடம் மாறும். லட்சக்கணக்கான இணைகள் தள்ளியிருக்கும் இரண்டு வரிசைகள் தம் திசையை "அறிந்து" சேர்வது வேறு எந்த விளக்கத்திலும் பொருந்தாது. இழுத்துக்கொண்டே வரும் பொறி என்றால் மட்டுமே பொருந்தும்.

கோஹீசினைச் செல்லிலிருந்து விரைந்து நீக்கிப் பார்த்த சோதனையில் இந்த வளையங்கள் மறைந்துவிட்டன. ஆனால் அடுத்த சில மணிநேரங்களில் பெரும்பாலான மரபணுக்களின் செயல்பாடு கொஞ்சம்தான் மாறியது. வளையம்தான் மரபணுவின் சாவி என்று எழுதுபவர்கள் இந்த முடிவையும் சேர்த்தே எழுத வேண்டும். அதே நேரத்தில், கோஹீசினை டிஎன்ஏவில் ஏற்றும் புரதத்தின் மரபணுவில் வரும் மாற்றங்கள் கொர்னீலியா டி லாங்கே என்ற பிறவி வளர்ச்சி நோய்க்குறிக்குக் காரணமாகின்றன. ஆகவே நீண்டகாலத்தில், வளர்ச்சிப் பருவத்தில் இதன் பங்கு சிறியதல்ல.

செல் பிரியும்போது கோஹீசினின் உறவினரான கண்டென்சின் அதே உத்தியைத் தீவிரமாகக் கையாள்கிறது. கண்டென்சின்-2 என்ற வகை சுமார் 4 லட்சம் இணைகள் கொண்ட பெரிய வளையங்களை இழுக்கும். கண்டென்சின்-1 என்ற வகை அவற்றைச் சுமார் 80 ஆயிரம் இணைகள் கொண்ட சிறு வளையங்களாக உடைக்கும். 8.5 சென்டிமீட்டர் இழை 10 மைக்ரோமீட்டர் அளவுத் தண்டாகிவிடும். இந்த வேலையை முடித்துவைப்பது டோப்போஐசோமரேஸ்-2: ஓர் இரட்டை இழையை வெட்டி, மற்றொன்றை அந்த இடைவெளி வழியே கடத்தி, மீண்டும் ஒட்டிவிடும் நொதி. வெட்டியபின் ஒட்டவிடாமல் அதைப் பிடித்துநிறுத்துவதுதான் எட்டோபோசைட் என்ற புற்றுநோய் மருந்தின் வேலை. ஒட்டப்படாத வெட்டுகள் சேர்ந்து செல்லைக் கொல்கின்றன.

பாக்டீரியாக்களில் பெரும்பாலும் ஹிஸ்டோன் கிடையாது. ஈ.கோலையின் 46 லட்சம் இணைகள், 1.6 மில்லிமீட்டர் நீளம், 2 மைக்ரோமீட்டர் செல்லுக்குள் எதிர்த்திசை முறுக்கால் மடிகின்றன. ஐஎச்எஃப் போன்ற புரதம் ஒரே இடத்தில் இழையை ஏறக்குறைய 160 பாகைக்கும் மேல் மடக்கிவிடும். விந்தணுவிலோ ஹிஸ்டோன்களில் பெரும்பகுதியை அகற்றிவிட்டு ஆர்ஜினைன் நிறைந்த புரோட்டமின்கள் அமர்கின்றன. படிக்க வேண்டிய தேவை இல்லாததால் அங்கே உண்மையிலேயே இறுக்கிக் கட்டலாம்.

இனிப் படிக்கும் பக்கம். வரிசையை அறிய இரட்டைச்சுருளைப் பிரிக்க வேண்டியதில்லை. கார இணைகளின் ஓரங்கள் பள்ளங்களின் வழியே வெளியே தெரிகின்றன. பெரும் பள்ளத்தின் அகலம் சுமார் 2.2 நானோமீட்டர், புரதத்தின் ஆல்ஃபா சுருள் ஒன்று அதற்குள் பொருந்தி அமரும். அங்கே ஏடி, டிஏ, ஜிசி, சிஜி நான்குக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கான முனைகள் வேறுவேறு வரிசையில் இருப்பதால் நான்கையும் பிரித்தறியலாம். சிறு பள்ளத்தில் ஏடி-யையும் டிஏ-யையும் வேறுபடுத்துவது கடினம். அதனால்தான் வரிசை பார்த்துப் பிணையும் புரதங்களில் பெரும்பாலானவை பெரும் பள்ளத்தை நாடுகின்றன. துத்தநாக விரல் எனப்படும் அமைப்பில் ஒரு விரல் சுமார் மூன்று இணைகளைப் படிக்கும். விரல்களை அடுக்கினால் நீண்ட வரிசையைப் படிக்கலாம்.

தேடுவது எப்படி என்பதற்கு ஈ.கோலையில் லாக்டோஸ் மரபணுக்களை அடக்கிவைக்கும் லாக் அடக்கிப் புரதம்தான் நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. 1970-ல் அளந்தபோது, அது தன் இலக்கைச் சேரும் வேகம் முப்பரிமாண விரவலுக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தது. காரணம், அது எங்கேயாவது டிஎன்ஏவில் தளர்வாக ஒட்டி, இழை நெடுகச் சறுக்கிப் பார்த்து, கழன்று, வேறோரிடத்தில் ஒட்டுகிறது. உயிருள்ள ஈ.கோலைக்குள் ஒருமுறை ஒட்டினால் சறுக்கும் தூரம் 45 இணைகள் அளவு என்று 2012-ல் அளந்தார்கள். சில வேளை இலக்கின் மேலேயே சறுக்கி, பிடிக்காமல் தாண்டிப் போவதும் உண்டு. வேகமாகச் சறுக்கவும் வேண்டும், இலக்கில் உறுதியாகப் பிடிக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பெறமுடியாது என்பதால் வந்த சமரசம் அது.

மனித செல்லில் கணக்கே வேறு. மரபணுக்களை இயக்கும் புரதம் ஒன்று ஆறு இணைகளை அடையாளம் காண்கிறது என்போம். 4,096-க்கு ஒருமுறை அது தற்செயலாக வரும். 320 கோடி இணைகளில், ஓர் இழையில் மட்டுமே ஏறத்தாழ 8 லட்சம் இடங்கள். உண்மையில் ஒரு செல் வகையில் அது அமர்ந்திருப்பது இவற்றில் சிறு பங்கில்தான். மற்றவற்றைப் பெரும்பாலும் மறைத்து வைத்திருப்பது நியூக்ளியோசோம்கள். இறுக்கிக் கட்டுவது வாசிப்புக்குத் தடை என்றுதான் கேள்வி தொடங்கியது. இந்தக் கட்டு இல்லாவிட்டால் புரதம் லட்சக்கணக்கான தவறான இடங்களில் சிதறிப்போயிருக்கும்.

மறைந்திருப்பது திறப்பதும் இயல்பாகவே நடக்கிறது. 2005-ல் வெளியான அளவீட்டின்படி, நியூக்ளியோசோமின் ஓரத்து டிஎன்ஏ கால் நொடி அளவு சுற்றியிருந்துவிட்டுத் தானே அவிழ்கிறது. 10 முதல் 50 மில்லிநொடிக்குள் மீண்டும் சுற்றிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் புரதம் நுழையலாம். ஓரத்தில் இது எளிது. நடுப்பகுதி வரை அவிழ்வதோ ஆயிரக்கணக்கான மடங்கு அரிது. ஆகவே ஒரு பிணைப்பிடம் நியூக்ளியோசோமின் ஓரத்தில் விழுகிறதா, நடுவில் விழுகிறதா என்பதே அந்த மரபணு எளிதில் இயங்குமா என்பதை மாற்றிவிடும். ஃபாக்ஸ்ஏ போன்ற முன்னோடிப் புரதங்கள் மூடிய குரோமாட்டினிலும் போய்ப் பிணைந்து மற்றவர்களுக்கு வழி திறக்கும். எஸ்டபிள்யூஐ-எஸ்என்எஃப் போன்ற மறுசீரமைப்புப் பொறிகளோ ஏடிபியைச் செலவிட்டு, ஓரிரண்டு இணைகளாக டிஎன்ஏவைத் தள்ளி, நியூக்ளியோசோமையே நகர்த்தும் அல்லது கழற்றும்.

ஹிஸ்டோன் வால்களின் (வட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள்) வேதிக் குறிகள் பற்றிச் சுருக்கமாக. லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசெட்டைல் ஒட்டினால் அதன் நேர்மின்சுமை போய்விடும். எச்4-இன் 16-ஆவது லைசினில் மட்டும் ஒட்டினாலே சங்கிலி நெருங்கிச் சுருங்குவது தடைபடுகிறது. மெத்தில் ஒட்டினால் மின்சுமை மாறாது. அதைப் படிக்கத் தனிப் புரதம் வர வேண்டும். எச்3-இன் 9-ஆவது லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் எச்பி1 வந்து அமரும், அந்தப் பகுதி அடங்கும். 27-ஆவது லைசினில் இருந்தால் மரபணுக்களை அடக்கும் பாலிகோம் புரதத் தொகுதி வரும். அந்த 27-ஆவது லைசின் மெத்தியோனினாக மாறிய ஒற்றை மாற்றம், குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் கொடிய கட்டிகள் பலவற்றில் காணப்படுகிறது; மெத்தில் ஒட்டும் நொதியின் வேலையையே அது கெடுத்து, செல் முழுவதும் குறியைக் குறைத்துவிடுகிறது.

இதையெல்லாம் ஆய்வகத்தில் பார்க்க விரும்புபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில. எளிய சோதனை, உட்கருக்களை மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸால் செரிப்பது. இந்த நொதி இணைப்புத் துண்டில் வெட்டும். கால்சியம் இல்லாமல் இயங்காது, ஆகவே நிறுத்த இடிடிஏ அல்லது இஜிடிஏ. சரியாகச் செரித்தால், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 150, 350, 530 இணைகள் என்ற அளவில் ஏணிப்படிகள் தெரியும். ஒரே ஒரு நேரத்தில் நிறுத்திப் பார்த்தால் ஏமாறுவீர்கள்: குறைவாகச் செரித்தால் மேலே புகைபோலத் தெரியும், கூடினால் ஒற்றைப் பட்டை மட்டும் மிஞ்சி அதுவும் 147-க்குக் கீழே தேயும். நொதியின் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே குறைந்தது நான்கைந்து குழாய்கள் வையுங்கள். இந்த நொதிக்கு ஏடி நிறைந்த இடங்கள் பிடிக்கும் என்பதால், அங்கே தெரியும் "வெற்றிடம்" எல்லாம் வெற்றிடம் அல்ல. செரிக்கப்பட்ட வெறும் டிஎன்ஏவைப் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு தெரியும்.

நியூக்ளியோசோமைத் தாமே கட்டிப் பார்ப்பவர்கள் வழக்கமாக 601 என்ற செயற்கை வரிசையை எடுத்து, ஹிஸ்டோன் மையத்தோடு 2 மோலார் உப்பில் கலந்து, ஓரிரவில் உப்பைப் படிப்படியாக டயாலிசிஸ் மூலம் குறைப்பார்கள். முதலில் எச்3, எச்4 நான்கும் அமரும். உப்பு இன்னும் குறைந்தபின் எச்2ஏ, எச்2பி ஜோடிகள் வரும். உப்பைச் சட்டென்று குறைத்தால் மின்கவர்ச்சி மிகுந்து கண்டபடி ஒட்டி வெண்மையாகப் படியும். ஹிஸ்டோன் கூடினாலும் அதே கதி. குறைந்தால் வெறும் டிஎன்ஏ மிஞ்சும். ஆகவே ஹிஸ்டோன்-டிஎன்ஏ விகிதத்தை 0.8-லிருந்து 1.2 வரை சிறு சிறு படியாக மாற்றிச் சோதித்து, 5 சதவீத இயல்நிலை ஜெல்லில் 4 பாகை செல்சியஸில் ஓட்டிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 601 அசாதாரணமாக உறுதியான வரிசை என்பதையும் மறக்க வேண்டாம். அதில் அளந்த அவிழும் வேகத்தை ஏதோ ஒரு மரபணுவின் மேல் பொருத்திப் பேசுவது தவறு.

செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்க்கும் குரோமாட்டின் எதிர்ப்பொருள் முறையில், ஒரு சதவீத ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் பிணைத்து, 125 மில்லிமோலார் கிளைசினால் நிறுத்தி, ஒலியலையால் 200 முதல் 500 இணைத் துண்டுகளாக உடைப்பது வழக்கம். "நன்றாகப் பிணையட்டும்" என்று அரைமணி விட்டால் துண்டாக்க முடியாது. எதிர்ப்பொருள் அடையாளம் காணும் இடமும் மறைந்துபோகும். பல இயக்கப் புரதங்கள் ஓரிடத்தில் சில நொடிகளே தங்குகின்றன. ஃபார்மால்டிஹைடு அவற்றையெல்லாம் பிடித்துவிடும் என்று நம்பக்கூடாது. மறுபக்கம், மிக அதிகமாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள் எந்த எதிர்ப்பொருளைப் போட்டாலும் பொய்யான உச்சத்தைக் காட்டும். இதற்கு உள்ளீட்டு மாதிரி (எதிர்ப்பொருள் போடாத அதே டிஎன்ஏ) மட்டும் போதாது. அந்தப் புரதமே இல்லாத செல்லில் அதே எதிர்ப்பொருளை ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க கட்டுப்பாடு. கிடைத்த உச்சத்தின் உயரத்தைப் பார்த்து "இங்கே இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது" என்றும் எழுதிவிடாதீர்கள். அது பல லட்சம் செல்களின் சராசரி. பாதிச் செல்களில் முழுநேரமும் அமர்ந்திருப்பதும், எல்லாச் செல்களிலும் பாதி நேரம் வந்துவந்து போவதும் வரைபடத்தில் ஒரே உயரத்தில்தான் நிற்கும். இரண்டையும் பிரித்தறிய ஒற்றை மூலக்கூறை உயிருள்ள செல்லில் பின்தொடரும் நுண்ணோக்கியிடம்தான் போக வேண்டும்.